காளியம்மைக்கு வந்த படக் கடிதங்கள்

கொச்சியில் யூதர்கள் இருந்த ஜூ டவுன் தெருவைக் காலையில் யார் கூட்டுகிறார்கள் என்று அங்கே பழம்பொருள் விற்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் கூட்டியவள் காளியம்மை. கடைகள் திறக்கும்போது அவள் சாயா குடித்து முடித்து அடுத்த தெருவுக்குப் போயிருப்பாள். நான் சங்கரலிங்கம், கார்ப்பரேஷன் குப்பை லாரி ஓட்டியவன். எங்கள் லைன் வீடுகளில் அவளும் நானும் அடுத்தடுத்த கதவு. அவளைப் பற்றி எழுத உனக்கென்ன உரிமை என்று கேட்டால், அவள் செய்த பெரிய தப்பில் முக்கால் பங்கு என்னுடையது. அந்த உரிமைதான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள் அவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மலையாளம் வாய் நிறையப் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. புருஷன் செத்த பிறகு அவர் வேலை இவளுக்கு வந்தது. ஒரே மகன் பாண்டியராஜ் நேர் தலைகீழ். வீட்டில் தமிழ் பேசினாலும் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழில் தன் பெயரைக்கூட எழுதமாட்டான். தொண்ணூற்றேழில் பட்டாளத்தில் சேர்ந்து, மறு வருஷம் காஷ்மீர் மலைக்குப் போனான்.

அங்கிருந்து முதல் கடிதம் மலையாளத்தில் வந்தது. அதை எதிர்வீட்டு சுமாவிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னாள். பையன் உட்காரும் இடத்தில் கட்டி வந்திருப்பதாக எழுதியிருந்தான். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க அந்தக் கட்டியை நலம் விசாரித்தது. காளியம்மைக்கு மூக்குக்கு மேல் கோபம். பதில் நான்தான் எழுதினேன்: ‘ஊரார் படிச்சுச் சொல்லுற மாதிரி எனக்கு ஒண்ணும் எழுதாத.’

அடுத்து வந்த இன்லண்ட் கடிதத்தில் எழுத்தே இல்லை, படம் இருந்தது. தேர்தல் சமயத்தில் சுவரில் கட்சிச் சின்னம் வரையப் போன கை அது. பால்பாயிண்ட் பேனாவால் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் இரண்டு பக்கமும் பெட்டி மேல் உட்கார்ந்த இரண்டு பேர். ஒருவன் பாண்டியராஜ். இன்னொருவனுக்குக் காது மட்டும் பெரிது. அந்தப் பெரிய காது, முதல் கடிதத்திலேயே எழுதியிருந்த சிஜு, வைப்பின் தீவில் செறாயிக்காரன். இரண்டு பேரும் ஒரே கூடாரம்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் படம்தான். துப்பாக்கியும் இடமும் வரையக்கூடாது என்று உத்தரவாம். அதனால் வேறு எல்லாம் வந்தன. கொடியில் தொங்கும் காலுறை, பிடிவாதம் பிடிக்கிற கோவேறு கழுதை, வட்டமாக வராத சப்பாத்தி, சவரம் செய்துகொள்ளும் சிஜு. தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை நடந்த இரண்டு மாதமும் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. இவள் டிவி பார்க்கப் போகவில்லை. ஒன்பது படம் வந்தது, ஒன்பதிலும் இரண்டு பேரும் இருந்தார்கள். அவளுக்கு அந்தக் கணக்கு போதுமாக இருந்தது. சண்டை முடிந்து சிஜு லீவில் வந்தபோது, படகேறி மட்டாஞ்சேரிக்கு வந்து ஒரு சால்வையைக் கொடுத்துவிட்டு எட்டு அதிரசம் தின்றான்.

இரண்டாயிரம் பிப்ரவரியில் வந்த படம் வேறு மாதிரி இருந்தது. அதே அடுப்பு. பாண்டியராஜ் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், முகம் வரையவில்லை. எதிர்ப்பெட்டி காலி. அதன் மேல் கவிழ்த்து வைத்த டம்ளர். பக்கத்தில் கட்டி வைத்த பை, ஜோடியாக பூட்ஸ்.

எனக்குக் கொஞ்சம் மூளை உண்டு என்று அந்தக் காலத்தில் எனக்கே ஒரு நினைப்பு. கடிதத்தைத் திருப்பினேன். பட்டாளத்து முத்திரை இல்லை, இங்கே பக்கத்தில் இருக்கிற ஆலுவாவின் தபால் முத்திரை. விஷயம் விளங்கிவிட்டது. வடக்கிலிருந்து ரயிலில் வருகிற செறாயிக்காரன் ஆலுவாவில் இறங்கி, பறவூர் வழியாக பஸ் பிடிப்பான். இறங்கிய இடத்தில் கடிதத்தைப் போட்டிருக்கிறான். பையைக் கட்டியாயிற்று, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, சிஜு மறுபடி லீவில் வந்திருக்கிறான்.

அவள் படத்தை விடவில்லை. “அண்ணாச்சி, இவன் என்னத்துக்கு முகம் வரையாம விட்டிருக்கான்?”

“கூட்டுக்காரன் லீவுக்குப் போனா தனியா இருக்கவனுக்கு சங்கடம் இருக்காதா? வேற ஒண்ணும் இல்ல.”

அவள் சரி என்று சொல்லவில்லை. சிஜுவையே நேரில் கேட்டுவிடுகிறேன் என்றாள். அதிரசம் சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஃபோர்ட் கொச்சியில் படகேறி, அந்தப் பக்கம் பஸ் பிடித்து, செறாயில் வீடு விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம்.

சிஜுவின் அம்மா ஷைலஜா கதவைத் திறந்தார். பாண்டியராஜின் அம்மா என்றதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சிஜு இன்னும் வரவில்லையே என்றார். நான் உடனே ஆலுவா முத்திரையை எடுத்து விளக்கினேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வழியில் யாராவது சினேகிதன் வீட்டில் தங்கியிருப்பான், எப்போதும் அப்படித்தான், இன்றோ நாளையோ வந்துவிடுவான் என்று அவரே சொல்லிக்கொண்டார். கரிமீன் வாங்க ஆள் அனுப்பினார். அவனுடைய பாயை எடுத்து வெயிலில் போட்டார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை.

சிஜுவின் அப்பா மீன்பிடிக்கிறவர். வலையை வைத்துவிட்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இது இங்கே இருக்கட்டுமா என்று கேட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களை பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். வீடு கண்ணுக்கு மறைந்த பிறகு நின்று, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

“வீட்டுக்குப் போறவன் பூட்ஸ விட்டுட்டா போவான்?”

 காளியம்மை சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிச்சயமாகத் தெரிகிற வரை ஷைலஜாவிடம் சொல்லாதீர்கள், நான் விசாரிக்கிறேன் என்றார் அந்த மனுஷன். 

நான்காம் நாள் செறாயி வீட்டுக்குத் தந்தி வந்தது. பனி சரிந்து சிஜுவையும் இன்னும் இரண்டு பேரையும் மூடிக் கொன்றிருக்கிறது. அவர்களைத் தேடிக்கொண்டிருந்ததால் வீட்டுக்குச் சொல்லவில்லை. தேடல் நடக்கும்போதே, லீவில் கிளம்பிய ஓர் ஆலுவாக்காரனிடம் பாண்டியராஜ் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறான். எழுதினால் யாராவது படித்துச் சொல்லும்போது அம்மா கேட்கவேண்டி வருமே என்று படமாகவே சொல்லியிருக்கிறான். அம்மாவுக்குப் புரியும் என்று நம்பினான். அவளுக்குப் பாதி புரிந்துதான் இருந்தது. நடுவில் புகுந்து கெடுத்தவன் நான்.

காளியம்மை என்னோடு பேச்சை விட்டாள். வேலைக்குப் போவாள், வருவாள், சோறு இறங்காது. மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்து நாலு நாள் பிரிக்காமலே கிடந்தது. ஒரு மாதம் கழித்து என் வாசலில் வந்து நின்றாள்.

“அந்தம்மா நாலு நாளு சோறாக்கி வச்சுக் காத்திருக்கு. நான் போயிச் சொன்னதுனால. கால்ல விழணும். நீங்களும் வாங்க.”

போகக் கால் வரவில்லை, ஆனாலும் போனேன்.  என்ன திட்டு வாங்கினாலும் வாயைத் திறப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஷைலஜா எங்களைப் பார்த்ததும் எழுந்தார். இளைத்துப் பாதியாகியிருந்தார். காலில் விழக் குனிந்த காளியம்மையைத் தோளைப் பிடித்து நிறுத்தித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பொய்ச் சேதி கொண்டுவந்த பாவி நான் என்று இவள் அழுதாள். அவர் அழவில்லை. மலையாளத்தில் அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

“பட்டாளத்துக்காரங்க வந்தாங்க, எம்.எல்.ஏ. வந்தாரு, இந்தத் தீவுல வராத ஆளில்ல. அவங்க எல்லாரும் செத்துப்போன என் மகனுக்காக வந்தவங்க. சேச்சி, நீங்க ஒருத்திதான் அவன் உசிரோட இருக்கான்னு பலகாரம் சுட்டு எடுத்துட்டு அவனைப் பார்க்க வந்தது.”