டீசலில் நின்ற மத்து

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சானைப் பார்க்கப் பெண் வீட்டார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் என் மாமனார் வீடு. கேசரி, பஜ்ஜி, புதுச் சட்டை... எல்லாம் ரெடி. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று புரியும்படி சொல்லத்தான் யாராலும் முடியவில்லை.

சரவணன் — என் மனைவியின் தம்பி — அரபு நாட்டில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் மட் இன்ஜினியர், அதாவது சேறு கலக்கும் இன்ஜினியர்.

"மண்ணு கலக்குறதுக்கு இன்ஜினியரிங் இன்னாத்துக்கு தம்பி?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. போளூரில் ஏதோ ஓர் ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுள் முழுக்கக் கையெழுத்து மட்டுமே போட்டவருக்குக் கை அழுக்காகும் வேலை மட்டமாகத்தானே தெரியும்?

சரவணன் விளக்கினான். பூமியைக் குடையும்போது குழிக்குள் டீசல் மாதிரி ஓர் எண்ணெய்க் கலவையைச் சுற்ற விடுவார்கள். உடைந்த கல்தூளை மேலே தூக்கி வருவது அதுதான். நீர்த்துப் போனால் தூள் அடியில் தங்கி டிரில் மாட்டிக்கொள்ளும். ரொம்பக் கெட்டியானால் பம்ப் திணறும். பதமாக வைக்க ஒரு களிமண் பொடி போடுவார்கள்.

"களிமண்ணா? எங்க ஏரியில லோடு லோடா கீது!"

"அது தண்ணியிலதாங்க ஊறும் சார். எண்ணெயில போட்டா அடியில போய் படுத்துக்கும். இது எண்ணெயில ஊறுறதுக்குன்னே பக்குவம் பண்ண களிமண்ணு."

நம்பினால்தானே! "செஞ்சு காட்டு, பாப்போம்" என்றார்.

சரவணன் பெட்டியிலிருந்து சாம்பிள் டப்பாவை எடுத்தான். டிராக்டருக்கு வைத்திருந்த டீசலில் அரைச் சொம்பு. கடைவதற்கு? மாமியாரின் மோர் மத்து! பெண் வீட்டார் முன்னால் மறுக்க முடியாமல் அவரே எடுத்துக் கொடுத்தார்.

முற்றத்து வெயிலில் இரண்டு ஸ்பூன் பொடி போட்டுக் கடைந்தான். ஐந்து நிமிஷம் ஆனது. டீசல் டீசலாகவே இருந்தது.

"ஒண்ணும் ஆவலியே!" பெரியவர் சிரித்தார்.

"இருங்க சார். சூடு ஏறணும், இன்னும் கடையணும். மெதுவாத்தான் புடிக்கும்."

அவர் எங்கே பொறுத்திருந்தார்? டப்பாவைப் பிடுங்கிக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். "நிறுத்துங்க சார்" என்றான் சரவணன். மூன்று தடவை சொன்னான். "இன்னும் போடுங்க!" என்று ஒரு குரலும் கேட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது — அது என் குரல். ஓசியில் வேடிக்கை கிடைத்தால் விடுவேனா?

கால் மணி நேரம் கடைந்த பிறகு சொம்புக்குள் மத்து பிடிக்க ஆளில்லாமல் தானே நின்றது! பெரியவர் இழுத்துப் பார்த்தார். மத்தோடு சொம்பும் கிளம்பி வந்தது.

"கெணறு தோண்டுற ரிக்குலயும் இதாங்க நடக்கும்" என்றான் சரவணன். "தண்ணியா கீதேன்னு மேல இருக்கிறவங்க மூட்டை மூட்டையா கொட்டச் சொல்வாங்க. பூமிக்குள்ள சூட்டுல போய்ட்டு வர்றப்போ கேவுரு களியாட்டம் வந்து நிக்கும். கொட்ட வுடாம தடுக்குறதுக்குத்தாங்க எனக்குச் சம்பளம்."

ரிக் என்ன, வீடு என்ன? மாத்திரை போட்டுப் பத்து நிமிஷத்தில் ஜுரம் விடவில்லை என்றால் இன்னொன்றைப் போடுகிற ஆட்கள்தானே நாம்? பொறுத்திருப்பவனைப் பார்த்தால் வேலை தெரியாதவன் என்றுதான் நினைக்கிறோம்.

பெரியவர் முகம் கறுத்துவிட்டது. "கெளம்பலாம்" என்று எழுந்தார். மாமியார் கண் கலங்கிவிட்டது. சரவணனுக்கு இது மூன்றாவது வரன். நானும் எடுத்த பஜ்ஜியைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

பெண் மட்டும் — கவிதா, திருப்பத்தூரில் பேங்க் வேலை — எழுந்திருக்கவே இல்லை.

"அப்பா, அவரு மூணு வாட்டி நிறுத்துங்கன்னாரு. நீங்க கேக்கல. அப்பவும் அவரு ஒரு வார்த்தை கத்தல. எனக்குப் புடிச்சிருக்கு."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். நான் நிம்மதியாக அந்தப் பஜ்ஜியை எடுத்தேன்.

கவிதா என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா, 'இன்னும் போடுங்க'ன்னு கத்துனாரே இந்த அண்ணன்... கல்யாணத்தன்னிக்கு இவரை மட்டும் சாம்பார் அண்டா பக்கம் வுட்டுடாதீங்க!"