எட்டுப் பக்கம்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மரக்காணத்தில் உப்பு வேலை நின்றுபோகும். என் மாமனார் குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்பளத்தில் ஒரு கொட்டாய் உண்டு. வெயில் காலத்தில் மூட்டை அடுக்குகிற இடம், மழையில் காலியாகக் கிடக்கும். அங்கே இரண்டு பழைய கதவுகளை ஒட்டிப் போட்டு, பச்சைத் துணி விரித்து, தெர்மகோலில் குன்று செய்து வைத்து, விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி நாங்கள் சண்டை விளையாடுவோம். ஒரு பக்கம் பிரெஞ்சுப் படை, எதிரில் இங்கிலீஷ் படை. தையல்காரர் டேப்பால் அளந்துதான் படையை நகர்த்த வேண்டும். சுட்டால் குண்டு பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். மீசை வெச்ச ஆம்பளைங்க பொம்மை வெச்சு ஆடுறாங்க என்று உப்பளத்துப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்த ஆட்டத்துக்கு விதிகள்தான் எல்லாம். எங்கள் விதிகள் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தன. பாண்டிச்சேரியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் நான்தான் அதை வாங்கினேன். செங்கல் கனம். குதிரைப்படை திரும்ப எத்தனை அங்குலம், பீரங்கிக்குப் பின்னால் நிற்பவன் எப்போது பயந்து ஓடுவான், சேற்றில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத மதியங்களில் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். அதனால் ஆட்டத்தில் சந்தேகம் வந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆடியவர்கள் அதிகமில்லை. திண்டிவனம் காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் ஒருவன். கீழ்புத்துப்பட்டுக்காரன், ஆரோவில்லில் ஒரு தச்சுப் பட்டறையில் டிசைன் போடுகிறான். அப்புறம் கடற்கரைக் குப்பத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக் அண்ணன். எங்களைவிட மூத்தவர், பகடையைக் கையில் வாங்கினால் கடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உருட்டுவார்.

என் மனைவி ஆடமாட்டாள். அவள் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து உப்பளத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கொட்டாய்ச் சாவி அவளிடம்தான். கதவைத் திறந்துவிட்டு டீ கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். முதல் அத்தியாயத்திலிருந்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பீரங்கி வருவதற்குள், "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேங்க" என்று எழுந்து போனவள் திரும்பவில்லை.

இப்படி நாலைந்து மழைக்காலம் போன பிறகு, ஒரு நாள் நண்பன் என் கடைக்கு ஒரு ஃபைல் அனுப்பினான். "மச்சான், நாலு காப்பி போட்டு ஸ்டேபிள் பண்ணி வை, சாயங்காலம் வர்றேன்" என்றான். திறந்து பார்த்தால் அவனே எழுதிய விதிகள். தமிழில், மொத்தம் எட்டுப் பக்கம். இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தாமல் அப்படியே அடித்தேன்.

தடித்த புத்தகத்தில் ஒரு படை பயப்படுகிறதா என்று பார்க்க மூன்று அட்டவணை புரட்ட வேண்டும். அதை நான் 'மொரால் டெஸ்ட்' என்று சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன். இவன் அதற்குத் 'தெம்பு' என்று பேர் வைத்திருந்தான். ஒவ்வொரு படைக்கும் கொஞ்சம் தெம்பு. அடிபட்டால் ஒன்று குறையும். தீர்ந்துபோனால் அந்தப் படை ஓடிவிடும். அவ்வளவுதான்.

மெக்கானிக் அண்ணன் படித்துவிட்டு, "ஏம்பா, இத மொதல்லயே குடுத்திருக்கக் கூடாதா? இத்தன வருசமா பரீட்சை எழுதுற மாதிரி இருந்துச்சு" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பட்டது.

அன்றைக்கு டீ கொடுக்க வந்த என் மனைவி மேஜை ஓரமாக நின்று ஒரு பக்கத்தை எடுத்துப் படித்தாள். பிறகு அடுத்த பக்கத்தை எடுத்தாள். "அண்ணா, இதுல நானும் ஒரு கை போடட்டுமா?" என்று நண்பனிடம் கேட்டாள். என்னிடம் இல்லை, அவனிடம்.

"வா தங்கச்சி, மச்சான் படைய நீ எடுத்துக்கோ" என்றான்.

என் படை! நான் எழுந்து இடம் விட்டேன். மழை விடுவதற்குள் அவள் மெக்கானிக் அண்ணனைத் தோற்கடித்து, பிறகு நண்பனையும் தோற்கடித்தாள். கடைசிப் பகடை விழுந்தபோது அவள் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாது என்றில்லை, எங்கள் வீட்டில் அது எப்போதாவது கேட்கும். ஆனால் நான் பிரியமாக வைத்திருந்த ஒரு பொருளின் முன்னால், வேறொருவன் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிப்பதைப் பார்த்தது அதுதான் முதல் முறை. வீட்டுக்கு வந்து, "அவன் விதியில ஓட்டை இருக்குது" என்றேன். "இருக்கட்டுமே, நல்லா இருந்துச்சு" என்றாள்.

அடுத்த மாதம் பாண்டிச்சேரியில் ஒரு காபிக் கடையில், இதுபோல மேஜை விளையாட்டு ஆடுகிறவர்கள் ஒன்றுகூடினார்கள். ஆளுக்கொரு மேஜை கொடுத்தார்கள். நான் நாள் கணக்கில் உட்கார்ந்து செஞ்சிக் கோட்டை மாதிரி ஒரு மலைக்கோட்டை செய்து எடுத்துப்போயிருந்தேன். பக்கத்தில் தடித்த புத்தகம். நண்பன் பக்கத்து மேஜையில் ஒரு துணியும் கொஞ்சம் பொம்மையுமாக உட்கார்ந்தான். அவன் மேஜையில் கூட்டம் தாங்கவில்லை. என் மேஜைக்கு வந்தவர்கள் கோட்டையைப் போட்டோ எடுத்தார்கள். காலேஜ் பையன் ஒருவன் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இத முழுசா படிக்கணுமா?" என்று கேட்டான்.

"படிச்சாதான்பா ஆட முடியும்" என்றேன்.

"ஓகே அங்கிள்" என்று பக்கத்து மேஜைக்குப் போய்விட்டான்.

மதியத்துக்கு மேல் என் மனைவி அங்கே வந்தவர்களுக்கு அவன் விதிகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் காபி குடித்தேன். இன்னொரு காபி குடித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கோட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தேன். முன் சீட்டில் அவளும் நண்பனும் அன்றைய ஆட்டங்களைப் பேசிப் பேசித் தீராமல் வந்தார்கள். எனக்கும் அவளுக்கும் நடுவில் தப்பாக ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் இருவருக்கும் நடுவிலும் இல்லை என்று அதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பொறாமைக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவனுடைய எட்டுப் பக்கம் அவளை உள்ளே கூப்பிட்டது. என்னுடைய புத்தகம் அவளைப் பால் பார்க்க அனுப்பியது.

மறு வருஷம் அதே காபிக் கடையில் காற்று மாறியிருந்தது. போன வருஷம் ஆசையாக ஆடிய அதே காலேஜ் பையன் இப்போது எட்டுப் பக்க ஆட்டத்தின் பாதியில் கையைக் கட்டிக்கொண்டான். "சும்மா தாயம் மாதிரி இருக்குது. பகடை நல்லா விழுந்தா ஜெயிக்கலாம், அவ்ளோதான்" என்றான். சுற்றி நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

இந்த வார்த்தைக்காக ஒரு வருஷம் காத்திருந்தவன் நான். எனக்கு இனித்திருக்க வேண்டும். ஆனால் என் வாய் வேறு பேசியது. "தம்பி, பீரங்கிய ஆத்துக்குப் பின்னாடி வெச்சிட்டு பகடைய குத்தம் சொல்லாத. இந்த விதில தெம்ப எங்க செலவு பண்றதுங்கிறதுதான் ஆட்டமே" என்று ஆரம்பித்து, நண்பனின் எட்டுப் பக்கத்துக்காக மூச்சு விடாமல் வாதாடினேன். நடுவில்தான் கவனித்தேன், எனக்கு அந்த விதிகள் பிடித்திருந்தன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. வாராவாரம் குறை கண்டுபிடிக்கவே அதைப் படித்ததில், அது எனக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

நண்பனோ மோவாயைத் தடவிக்கொண்டு, "தம்பி சொல்றது சரிதான் மச்சான். நடு ஆட்டத்துக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல" என்றான்.

"நீ எழுதினதுடா!"

"எழுதினா என்ன? அப்போ சரியா இருந்துச்சு. இப்போ படிச்சா கொஞ்சம் மெலிசா தெரியுது."

அவ்வளவு லேசாகச் சொன்னான். நான் செங்கல் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருந்தேன். இவன் தன் சொந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் மெலிசு என்கிறான், முகம் கூட மாறவில்லை. அவனுடைய விதிகள் மேல் இருந்த பொறாமை அன்றைக்கு அவனுடைய அந்தக் குணத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

வீட்டில் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி ஆட உட்கார்ந்தாலே ஜெயித்தாள். பீரங்கிகளை இடது ஓரத்தில் குவித்து, குதிரையை வலது பக்கம் அனுப்பினால் எட்டுப் பக்க விதியில் யாராலும் தடுக்க முடியவில்லை. "ஜெயிப்போம்னு தெரிஞ்சே ஆடுறதுல என்ன இருக்குது?" என்றாள் ஒருநாள். மறுநாள் என் தடித்த புத்தகம் அலமாரியில் இல்லை. அடுப்படி மேடையில், பூண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துக் கிடந்தது.

எனக்கு உள்ளுக்குள் தீபாவளி. சந்தேகம் கேட்பாள், கேட்டதும் சொல்லலாம் என்று அடுப்படிப் பக்கமே நடந்துகொண்டிருந்தேன். அவள் போனை எடுத்து நண்பனைக் கூப்பிட்டாள். "அண்ணா, சிப்பாய்ங்க சதுரமா நின்னா குதிரை ஏன் உள்ள போக முடியாது?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேச்சு.

தாங்கமுடியாமல், "என்னைக் கேட்டா சொல்லமாட்டேனா?" என்றேன்.

"உங்களக் கேட்டா, புக்குல அப்படித்தான் போட்டிருக்குன்னு சொல்வீங்க. அவரு ஏன் அப்படி போட்டிருக்குன்னு யோசிப்பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பூண்டை உரித்துக்கொண்டே சொன்னாள்.



இந்த மழைக்கு நண்பனும் தடித்த புத்தகத்துக்கு வந்துவிட்டான். எட்டுப் பக்கத்தைக் கேட்பவர்கள் நானும் மெக்கானிக் அண்ணனும்தான். போன ஞாயிறு கொட்டாயில், "எதுல ஆடுறது?" என்று வாக்குவாதம் நடந்தது. "எதுலயாவது ஆடுங்கப்பா, டீ ஆறிப்போவுது" என்று அண்ணன் கட்சி மாறினார். தடித்த புத்தகம் ஜெயித்தது. வந்தவாசிச் சண்டை. அண்ணனும் நண்பனும் பிரெஞ்சுப் பக்கம், இங்கிலீஷ் பக்கம் என் மனைவி தளபதி, நான் அவளுக்குக் கீழே குதிரைப்படை.

"நீங்க குன்றுக்குப் பின்னாடியே இருங்க. நான் சொல்லும்போது வாங்க" என்றாள்.

இருந்தேன். மதியம் முழுக்க இருந்தேன். மேஜையின் நடுவில் அவளும் நண்பனும் பக்கம் புரட்டி, டேப் பிடித்து, "இல்லண்ணா, அங்க சேறு", "சேறுன்னாலும் பாதி நகரலாம் தங்கச்சி" என்று சண்டை போட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். கேட்டவர் யாருமில்லை. கடைசியில் அவள், "இப்போ வாங்க!" என்றாள். என் குதிரைகளை மொத்தமாகத் தள்ளினேன். பகடை உருட்டினேன். ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. குதிரைகள் திரும்பி ஓடின, அவளுடைய சிப்பாய் வரிசையைக் கலைத்துக்கொண்டு. நண்பன் சிரித்தான். "பரவால்ல விடுங்க" என்றாள் அவள்.

தூறலில் பைக்கில் வீடு திரும்பினோம். பின்னால் உட்கார்ந்து, அவன் இடது ஓரமாகச் சுற்றி வந்த தந்திரத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் 'ம்' போட்டேன். ஈசிஆர் ரோட்டுத் திருப்பத்தில் லாரிக்கு வழிவிட நிறுத்தினேன்.

"அடுத்த வாரம் நீங்க எனக்கு எதிரா நில்லுங்க" என்றாள். "அவரோட ஆடி ஆடி, அடுத்து என்ன செய்வாருன்னு தெரிஞ்சிபோச்சு. உங்கள எனக்கு இன்னும் தெரியல."

லாரி போய்விட்டது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கியரைப் போடும்போதே மனசு வேறொன்றைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது: என்னோடு ஆடி அவளுக்குச் சலித்துப்போக எத்தனை வாரம் ஆகும், அதற்குப் பிறகு யாரைத் தேடுவாள்.