விதாத்தின் புருவம்

நான் பிழைக்க வந்த இந்த அரபுத் துறைமுக ஊரில், செப்டம்பர் பாதியிலேயே எங்கள் சந்தின் மொட்டை மாடிகளில் சிவப்பு மிளகாய் காயத் தொடங்கிவிடும். துறைமுகக் காற்றில் பூண்டு வாசமும் சேர்ந்துகொண்டால் மக்தூஸ் ஊறுகாய்க் காலம் வந்தாயிற்று. குட்டிக் கத்தரிக்காயை அவித்து, உப்பிட்டு, மேலே கல்லேற்றி நீர் வடியவிட்டு, அக்ரூட்டும் மிளகாயும் பூண்டும் அடைத்து ஆலிவ் எண்ணெயில் முழுகவைப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் காலை ரொட்டிக்கு அதுதான். எல்லா வீட்டிலும் போடுவார்கள், இழவு விழுந்த வீட்டைத் தவிர. அந்த வீட்டுக்கு உறவுக்காரர்களோ அக்கம்பக்கத்தாரோ ஜாடி கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

மூன்றாம் மாடி விதாத் அந்த வருஷமும் கத்தரிக்காய் வாங்கினாள்.

அவள் வீட்டுக்காரர் மிஸ்பாஹ் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம், சைப்ரஸ் போகும் கள்ளப் படகில் ஏறினார். படகு கவிழ்ந்தது. சிலர் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். மிஸ்பாஹ் ஒதுங்கவில்லை. விதாத் கறுப்பு உடுத்தவில்லை. வீட்டில் திரைச்சீலை தைத்துப் பிழைத்தாள். தலைக்கு மருதாணி போட்டாள். கீழே அழகு நிலையத்துக்குப் போய்த் தவறாமல் புருவத்துக்கு நூல் போட்டுக்கொண்டாள்.

"புருஷன் கடல்ல கிடக்கான், இவளுக்குப் புருவம் கேக்குது" என்று படிக்கட்டில் பேசினார்கள்.

"வந்து கதவைத் தட்டுறவரு, எவளோ கிழவின்னு திரும்பிப் போயிட்டா? நீ போய்க் கூட்டிட்டு வருவியாடி?" என்று எதிர்வீட்டுக்காரியிடம் விதாத் நேராகவே கேட்டாள். என்னிடம் முகத்தை நீட்டி, "நரை தெரியுதா பாரு. பொய் சொல்லாதே. உங்க ஊர்க்காரங்கல்லாம் பொய் சொன்னாலும் நிஜம் சொன்னாலும் தலையை ஒரே மாதிரி ஆட்டுறீங்க, எனக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குது" என்பாள்.

ஊரிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் நான் எடுக்கத் தயங்குவேன். அவள் நேர்மாறு. தெரியாத எண் எதுவானாலும் ஓடிப்போய் எடுப்பாள்.

கத்தரிக்காய்க்குக் கல்லேற்றிய அன்று மிஸ்பாஹின் தங்கை சுஹைலா வந்தாள்.

"அண்ணி, நாளைக்கு ஹம்மாம் போலாம். குளிர் வர்றதுக்குள்ள நல்லா தேய்ச்சுக் குளிச்சிட்டு வருவோம்."

விதாத்துக்கு ஒரே சந்தோஷம். ஆரஞ்சு, பருப்புச் சோறு, மிளகாய் ஊறுகாய், லாரல் சோப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அந்தப் பொதுக் குளியல் கூடத்துக்குள்ளே ஆவி மூட்டமாக இருந்தது. மிஸ்பாஹ் வீட்டுப் பெண்கள் முன்னாலேயே வந்து சூடான கல்மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. குளிப்பாட்டுகிற உம்மு ஃபவ்ஸி செப்புக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு விதாத்தின் தலைக்கு மேல் தூக்கினாள்.

"அல்லா அவரை ஏத்துக்கட்டும்மா. துக்கமெல்லாம் இந்தத் தண்ணியோட போகட்டும்."

துக்கம் முறிக்கிற குளியல் அது. செத்தவனின் மனைவி குளித்து எழுந்தால்தான் குடும்பம் கறுப்பைக் கழற்றலாம்.

விதாத் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தினாள். "யாரு செத்தா?"

சுஹைலா பக்கம் திரும்பினாள்.

"அழுக்குத் தேய்க்கன்னு கூட்டிட்டு வந்தே சுஹைலா. என் புருஷனையா தேய்ச்சு அழிக்கப் பாக்குறே?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?" சுஹைலாவின் குரல் உடைந்தது. "எனக்கு அவன் அண்ணன், அண்ணி. ஒரு வருஷமா வாய்விட்டு அழலை நான். அழலாம்னு உன் வீட்டுக்கு வந்தா உன் புருவம் கண்ணுல படுது. இவளே காத்துக்கிட்டு இருக்கா, நான் எப்படி அவனைக் கொல்றதுன்னு அழுகையை முழுங்கிடறேன். திரும்பிப் போயிடறேன்."

விதாத் கிண்ணத்தைப் பிடுங்கி சுஹைலாவின் தலையில் ஊற்றினாள்.

"அழுடி."

சுஹைலா போட்ட கூப்பாடு குவிமாடத்தில் முட்டித் திரும்பி வந்தது. விதாத் மொண்டு மொண்டு ஊற்றினாள். சின்னப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல அவள் முதுகில் சோப்புத் தேய்த்தாள். தன் தலையில் ஒரு கிண்ணம்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. ஆரஞ்சு உரிக்கப்படாமலே வீடு திரும்பியது.

மறுநாள் அக்ரூட் உடைத்துக் கொடுக்கப் போனேன். கல் இறக்காமல் அப்படியே இருந்தது. "இன்னிக்கு வேணாம்" என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். படிக்கட்டு வரை புளித்த வாடை வந்ததும் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். அழகு நிலையத்தின் பக்கமே போகவில்லை. புருவத்தில் முடி கண்டபடி முளைத்திருந்ததைச் சந்தே பார்த்தது. இந்தத் தடவை யாரும் பேசவில்லை.

முதல் மழை பெய்த அன்று நான் விதாத் வீட்டில் இருந்தேன். கதவு தட்டப்பட்டது. நனைந்த தலையோடு சுஹைலா நின்றாள். முக்காட்டுத் துணிக்குள் ஒரு ஜாடி மக்தூஸ். நீட்டவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல், "அண்ணி... வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

சுஹைலா கையிலிருந்த ஜாடியை விதாத் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பூண்டை அள்ளிக் கொட்டியிருக்கே. உங்க அண்ணன் இதை வாயில வைக்கமாட்டாரு."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் ஜாடியை வாங்கிக்கொண்டாள்.