நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

சத்தியராஜுக்கு வயது அறுபத்தொன்று. அதில் முப்பத்துநாலு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், இன்ஜினுக்குக் கேஸ்கெட் செய்யும் ஒரு கம்பெனியில் கழிந்தது. பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே எண்ணிக்கை குறைகிறதா என்று சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆனால் வாக்கிங் போவார், தனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார். இவர் நாவல் எழுதினார். அதுவும் பாலே ஆடும் பெண்ணைப் பற்றி.

மண்ணூர்பேட்டையில் பாலே பார்த்தவர் யாருமில்லை. கால்விரல் நுனியில் நின்று ஆடும் வெள்ளைக்காரர் ஆட்டம் என்று சத்தியராஜ் டீக்கடையில் விளக்கினார். காலையில் அம்பத்தூர் பஸ்ஸில் நாங்களும் அதைத்தான் ஆடுகிறோம், எங்களைப் பற்றி யார் எழுதுவது என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

வெளியீட்டு விழாப் பொறுப்பை நண்பர் மேக்ஸ்வெல் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். மேக்ஸ்வெல் ஓர் இலக்கிய வட்டத்துக்குத் தலைவர், செயலாளர், பல நாள் ஒரே உறுப்பினர். புத்தகச் செய்தியை அவர் விடாத வாட்ஸப் குழு கிடையாது. தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்கும் குழுவிலும் அட்டைப்படம் போய் விழுந்தது. பல் டாக்டரின் வெயிட்டிங் ரூமில் இரண்டு பிரதி வைத்தார்கள். குமணன்சாவடி ஃபிளெக்ஸ் கடைக்காரர் பாலே படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கால் தெரிந்தால் ஏரியாவில் பிரச்சனை வரும் என்று, பரதநாட்டியப் பெண்ணைப் போட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். மாற்றச் சொல்லி சத்தியராஜ் கெஞ்சிப் பார்த்தார்.

"ஆட்டம்னா ஆட்டம் தான மச்சான். சலங்கை கீது, பொண்ணு கீது. இன்னா கொற?" என்றார் மேக்ஸ்வெல்.

அவருக்குத் தெரியாது. சத்தியராஜுக்கு அந்த விழாவில் வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வாக்கியம்.

ஆள், ஹெலினா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், பத்தொன்பது வயதில் பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்தவள். ஆவடியில் ஒரு பழைய டான்ஸ் டீச்சரிடம் எட்டு வருடம் பாலே கற்றிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில், அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நுனிவிரலில் எழும்பி நிற்பாள். சத்தியராஜ் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ரெஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறார். ஒருநாள் லீவு லெட்டரோடு வந்தாள். பெங்களூரில் ஒரு நாட்டியக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள், வியாழக்கிழமை ஒரே நாள் போதும் என்றாள். அந்த வாரம் ஏற்றுமதி ஆர்டர். சத்தியராஜ் கையெழுத்துப் போடவில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வியாழக்கிழமை வேலைக்கு வந்தாள். அன்று அவள் கட்டிய பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை. பெட்டிகளுக்குப் பின்னால் அதற்கப்புறம் யாரும் எழும்பி நிற்கவில்லை.

இதைத்தான் நாவலாக எழுத உட்கார்ந்தார். அந்த அத்தியாயத்தைப் பதினோரு தடவை எழுதினார். பத்துத் தடவை சூப்பர்வைசர் கையெழுத்துப் போடவில்லை. பதினோராவது தடவை கை என்ன நினைத்ததோ, போட்டுவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். 'போய்ட்டு வாம்மா, டிஸ்பாட்ச நான் பாத்துக்குறேன்.' அப்புறம் அந்தப் பெண் ஊர் ஊராக ஆடுகிறாள். அதுதான் அச்சாகி வந்தது.

அந்தப் பக்கத்தை அவள் படிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்: நான் போடலை ஹெலினா, போட்டிருக்கணும். இதைச் சொல்லத்தான் அழைப்பிதழோடு அவள் வீட்டுக்கே போனார். காபி குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், திரும்பி வந்தார். சரி, மேடையில் நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமுதாயக் கூடம். ஹெலினா வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு வேறு கம்பெனி, செகண்ட் ஷிப்ட். ஒரு மணிக்கு வேன். சத்தியராஜ் மேக்ஸ்வெல்லின் காதில் தன்னை முதலில் பேச விடும்படி கேட்டார்.

"ஏற்புரைய மொதல்ல வெச்சா எத ஏத்துக்கப் போற? இன்னும் ஒர்த்தனும் உன்னப் பாராட்டவே இல்லியே," என்றார் மேக்ஸ்வெல்.

பிரதி பெறுகிறவர்கள் வரிசையில் ஹெலினாவும் மேடைக்கு வந்தாள். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் கேமராவைப் பார்த்து நின்றாள். "நல்லாகீறீங்களா சார்?" என்றாள். சத்தியராஜ் வாயைத் திறந்தார். போட்டோக்காரர், சார் இங்க பாருங்க என்றார். பார்த்தார். அதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார்.

வாழ்த்துரைக்கு வந்த நாலு பேரும் இரண்டே நிமிடம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒருவர் அம்பத்தூர் ஏரியைப் பற்றிப் பேசினார், ஒருவர் தன் கவிதையையே படித்தார். சிறப்பு விருந்தினர் தங்கராஜ், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அன்றைக்கு நாவலைப் படித்துவிட்டு வந்த ஒரே மனிதர் அவர்தான். அதுதான் வினையாகப் போயிற்று. கதாநாயகியை விடத் தன் மனதில் நிற்பது அந்த சூப்பர்வைசர்தான் என்றார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உரக்கப் படித்தார். இப்படியும் மனிதர்கள் இருப்பதால்தான் மழை பெய்கிறது என்று முடித்தார். கைதட்டல்.

மூன்றாவது வரிசையில் ஹெலினா தட்டவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினாள். படித்தாள். நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். கோபமா என்று சத்தியராஜ் தேடினார். அவருக்குப் பெட்டியைப் படிக்கத் தெரியும், முகத்தைப் படிக்கத் தெரியாது. மணி பன்னிரண்டு ஐம்பது. அவள் பையைத் தோளில் மாட்டினாள். சத்தியராஜ் பாதி எழுந்தார். அந்த நேரம் பார்த்து மேக்ஸ்வெல் பின்னாலிருந்து பொன்னாடையைப் போட்டுத் தோளை அமுக்கி உட்கார வைத்தார். ஜரிகை விளிம்பு கண்ணை விட்டு விலகியபோது மூன்றாவது வரிசை காலி.

ஏற்புரையின்போது கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள், நாற்காலி எடுக்க வந்த இருவரையும் சேர்த்து. இருந்தாலும் சொன்னார். அந்தக் கையெழுத்தை நான் போடவில்லை என்றார். ஒன்பது பேரும் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தட்டினார்கள்.

கீழே இறங்கியபோது போனில் செய்தி வந்திருந்தது. ஹெலினா வேனிலிருந்து அனுப்பியது. 'லீவு குடுத்ததுக்கு தேங்க்ஸ் சார்.'

அவ்வளவுதான். குத்துகிறாளா, மன்னிக்கிறாளா? புத்தகத்திலாவது போக விட்டதற்கு நிஜமாகவே நன்றி சொல்கிறாளா? மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்துப் பார்த்தார். 'நான் போடலைம்மா' என்று அடித்து அனுப்பினார். ஒரே ஒரு டிக் விழுந்தது. அந்தக் கம்பெனியில் கேட்டிலேயே போனை அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள். இனி ராத்திரி பத்தரைக்குத்தான்.

மேக்ஸ்வெல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, போனைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தியா மச்சான், அதுக்குள்ள வாசகர் பாராட்டு வந்துகீது."

வேண்டாம்டா என்று சத்தியராஜ் சொல்லி முடிப்பதற்குள், 'முதல் வாசகர் கருத்து' என்ற தலைப்போடு அது எல்லாக் குழுவுக்கும் போய்விட்டது. தண்ணி லாரிக் குழுவில் முதல் கைதட்டு விழுந்தது.