மருந்து வாளி

அந்தப் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு எவர்சில்வர் வாளி இருந்தது. தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேடைக்கு முன்னால் வைப்பார்கள். நோய் தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவர் எழுந்து வந்து, தன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அதில் போட வேண்டும். கூட்டம் கைதட்டும். சர்க்கரையோ வலிப்போ, அந்த வாளிக்கு எல்லா நோயும் ஒன்றுதான். போட்டவர்களில் யார் யார் மறுநாளே மருந்துக் கடைக்கு ஓடினார்கள் என்பதை மட்டும் மேடையில் யாரும் சொன்னதில்லை.

இந்தக் கதையின் நாயகி கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவள். சலவைக் கடையில் கறை எடுக்கிற வேலை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே இது மையா, கஷாயமா, வேறு ஏதாவதா என்று சொல்லிவிடுவாள். வாடிக்கையாளர்களின் முழுக்கதையும் அவளுக்குத் தெரியும், வாயைத் திறக்க மாட்டாள். கடையில் எல்லோரும் அவளைக் கறை அக்கா என்பார்கள்.

புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். கூடத்தில் முன்னால் நின்று எல்லோருக்காகவும் வாய்விட்டு வேண்டுகிறவரும் அவர்தான். அவர் குரலுக்குக் கல்லும் கரையும் என்பார்கள். யார் கண் பட்டதோ, ஒரு நாள் அந்தக் குரல் நின்றுபோயிற்று. குளிப்பதில்லை, சவரம் இல்லை, சுவரைப் பார்த்தபடி படுக்கை.

"மேல யாரும் இல்ல. இத்தன வருஷமா நான் கூரைகிட்ட பேசிட்டு இருந்திருக்கேன்" என்றார் ஒரு நாள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமி குத்தமாகிவிடுமே என்றுதான் முதலில் பயந்தாள், பாவம். அந்த வாரமே பயிற்சிக் காரை ஒரு பெண் நேராக மதிலில் கொண்டுபோய் இடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார் பிரேக்கை மிதிக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் இதை மனச்சோர்வு என்றார். தினம் ஒரு மாத்திரை, தன்னிஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது என்றார். மெல்ல மெல்ல ஆள் எழுந்து உட்கார்ந்தார், சவரம் செய்துகொண்டார். இதைக் கேள்விப்பட்ட கூடத்துத் தலைவர் பழக்கூடையோடு வந்து இறங்கினார்.

"நீங்களே மாத்திரய நம்பினா மத்தவங்க எதை நம்புவாங்க?" என்றார்.

வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே எல்லா மாத்திரையையும் வாளியில் போட்டார். கொஞ்ச நாள் கைதட்டல் தாங்கியது. அப்புறம் முன்னைவிடப் பள்ளத்தில் விழுந்தார். ஒரு மதியம் அவள் தலைவலி என்று சீக்கிரம் வீடு திரும்பியிருக்காவிட்டால் அவர் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் பழைய மருந்துச் சீட்டோடு கடைக்குப் போனாள். மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, கெட்டிக் காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, அவள் அதைக் காபியில் மறைத்தாள். தினமும் காலையில் இதுதான் அவளுடைய பூஜை.

அவர் எழுந்துவிட்டார். வேலை திரும்பக் கிடைத்தது. நம்பிக்கையும் குரலும் கூடவே வந்தன. "வாளியில போட்டேன், போன உசுரு வந்துச்சு!" என்று மேடையில் முழங்கினார். கூட்டம் அழுதது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணை மூடி வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். யாரிடம் வேண்டுவது? அவர் எழுந்தது எதனால் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அவளிடமிருந்து போன நம்பிக்கை பிறகு வரவேயில்லை. அதை யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை.

சலவைக் கடையில் அவளுக்கு அடுத்த மேசையில் பொத்தான் தைக்கிற பெண் ஒருத்தி. வாடகை அறையில் தனியாக இருந்தாள், முன்னும் பின்னும் யாரும் கிடையாது. அவளுக்கும் இதே வியாதிதான், ஒளிவுமறைவு இல்லாமல் மதியச் சாப்பாட்டோடு மாத்திரை போட்டுக்கொள்வாள். "இது இல்லன்னா சட்டையில இருக்கிற பொத்தானெல்லாம் என்னையே முறைச்சுப் பாக்கும் அக்கா" என்று சிரிப்பாள். சாயங்காலம் மனைவியை அழைத்துப்போக வந்த வாத்தியார் அந்தப் பெண்ணைப் பேச்சில் பிடித்துக்கொண்டார். கேட்கவா வேண்டும், அவள் கூடத்துக்கும் வர ஆரம்பித்தாள்.

ஒரு நாள் வேலை நடுவில் அவள் கேட்டாள்: "அக்கா, நானும் வாளியில போட்டுடவா? சார் மாதிரி எனக்கும் சரியாயிடுமா?"

"டாக்டர் சொன்னபடி செய்."

"சார் மட்டும் டாக்டர் சொன்னபடியா செஞ்சாரு? அவருக்கு எப்படி சரியாச்சு, நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போகும். போனால் காபியைக் கொட்டுவார், மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பார். தலைவலி என்று சீக்கிரம் வீடு திரும்பும் அதிர்ஷ்டம் இன்னொரு தடவை வாய்க்குமா? அவள் தன் புருஷனைத் தேர்ந்தெடுத்தாள். நல்லவள்தான், ஆனாலும் அப்படித்தான் செய்தாள்.

"அவருக்குக் கொடுத்து வெச்சிருந்தது" என்றாள், கையிலிருந்த துணியைப் பார்த்தபடி.

அந்தப் பெண்ணுக்கு அது போதும். வாத்தியாரே கைபிடித்து வாளி வரை அழைத்துப்போனார். கூட்டம் கைதட்டியது, கறை அக்காவும் தட்டினாள். சில வாரங்களில் பொத்தான்கள் துளை மாறித் தைக்கப்பட்டு வந்தன. முதலாளி கத்தினார். அவள் அதற்கும் தலையாட்டினாள். "என்னடி ஆச்சு?" என்று கறை அக்கா கேட்டதற்கு, "சாருக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடும் அக்கா, இன்னும் கொஞ்சம் நம்பணும்" என்றாள். அப்போதும் இவள் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. அறையை வாடகைக்கு விட்டவர் கதவை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர் வேறு யார், வாத்தியார்தான். "மாத்திரய வாளியில போட்டா. மனசுல இருந்த சந்தேகத்தப் போடல" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டுகிற தலைகளுக்கா அங்கே பஞ்சம்!

மறுநாள் காலை கறை அக்கா காபியை அவர் முன்னால் வைத்தாள். கூடவே நசுக்காத மாத்திரை ஒன்றையும் வைத்தாள்.

"நீங்க இத விடவே இல்ல. தினமும் காபியில கலந்து நான்தான் குடுத்துட்டு இருக்கேன். உங்களுக்குச் சரியானது இதாலதான்."

இடிந்து விழுவார் என்று நினைத்தாள். விழட்டும் என்றுகூட நினைத்தாள். அவர் டம்ளரை எடுத்தவர் எடுத்தபடி இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். எவ்ளோ சர்க்கர போட்டாலும் கசக்குதே."

"தெரிஞ்சுமா அந்தப் பொண்ண வாளிகிட்ட கூட்டிட்டுப் போனீங்க? பாவி, அவளுக்கு யார் இருந்தா?"

அவர் நிஜமாகவே புரியாதவர்போல அவளைப் பார்த்தார்.

"நீ இருந்தியே. பகலெல்லாம் அவ பக்கத்துலதானே உக்காந்திருந்த? அவளுக்கும் கலந்து குடுப்பேன்னுதான் நெனச்சேன்."

கையிலிருந்த டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். ஆறிப்போய்விட்டது என்றார். அவள் மாத்திரையை நசுக்கிப் போட்டு, சூடுபண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.