செல்லத்துரை அண்ட் ஃபேமிலி

எங்க வீட்டுக்காரர் ஒரு உலக சாம்பியன். சிரிக்காதீங்க. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஏன்னா இவுகளே போய் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காக. இவுக மொபைல் கவர் விக்கித கடையில, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல அந்தச் சாதனையோட பிரிண்ட் அவுட்டு தொங்கும். சாமிக்கு வாங்குத பூவுல பாதி அதுக்குப் போயிரும்.

பேரு செல்லத்துரை, வயசு நாப்பத்தொண்ணு. பூர்வீகம் திசையன்விளைப் பக்கம்னாலும் பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான். சண்டை போடுத வீடியோ கேம்னா உயிரு. எந்த ஆளுக்கு எந்த உதை, எந்தப் பட்டனை எப்படி அமுக்கினா கையில நெருப்பு வரும்னு கடகடன்னு ஒப்பிப்பாக. ஒப்பிப்பாக, அம்புட்டுதான். செஞ்சு காட்டுங்கன்னா தொண்டையைச் செருமுவாக. நான் இவுகளைக் கட்டுன மகேஸ்வரி. நான் சொல்லாம இதை வேற யாரு சொல்லுவா?

ஒரு தடவை செம்பூர்ல ஆளுக்கு ஆள் மோதுத போட்டி வச்சாங்க. புதுச்சட்டை, நெத்தி நிறைய திருநீறு, பையில சொந்தக் கன்ட்ரோலர்னு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினாக. எதிர்ல உக்காந்தது காலேஜ் படிக்கித ஒரு மராத்திப் பொண்ணு. அவ கண்ணாடியைச் சரி பண்ணுததுக்குள்ள இவுக ஆளு தரையில கெடந்தான். ஆட்டோ பிடிக்க ஆன நேரம்கூட ஆட்டம் நடக்கல. வெளிய வந்து, "கன்ட்ரோலர் சரியில்ல மகேஸ், செம்பூர்ல கரண்ட்டும் ஒரு மாதிரி"ன்னாக. செம்பூர் கரண்ட்டு என்ன பாவம் பண்ணுச்சு?

அதுக்கப்புறம்தான் அந்த கேம்லயே ஓரமா இன்னொரு ஆட்டம் இருக்கதைக் கண்டுபிடிச்சாக. இதுல நம்ம பக்கம் ரெண்டு பேரு கூட்டு. எதிர்ல மிஷினே ஆள் அனுப்பும், ஒருத்தன் விழுந்தா அடுத்தவன் வருவான். நம்மள்ல ஒருத்தர் உள்ள நின்னு அடிக்கணும், இன்னொருத்தர் மேடையைச் சுத்திக் கட்டுன கயித்துக்கு வெளிய நிக்கணும். பட்டனை அமுக்கினா வெளிய நிக்கவர் உள்ள குதிப்பாரு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உயிர்தான். அந்த உயிர் போறதுக்குள்ள எத்தனை பேரைச் சாய்ச்சோமோ அதுதான் கணக்கு. இதுக்குன்னு இன்டர்நெட்ல ஒரு உலகப் பட்டியல் இருக்கு. நடுவுல நிப்பாட்டாம ஒரே வீடியோவா எடுத்து அனுப்பினா, பாத்து ஒத்துக்கிட்டு பேரைப் போடுவாங்க.

உலகப் பட்டியல்ல மொத்தம் அஞ்சே ஜோடி. ஊர் உலகமே ஒருத்தனை ஒருத்தன் அடிக்கதுல மும்முரமா இருக்கு, கூட்டா விளையாட எவனுக்கு நேரம்? இந்த அஞ்சு ஜோடிக் கதையை மட்டும் இவுக கடையில யாருக்கும் சொல்ல மாட்டாக.

கூட்டுக்கு என் தம்பி ராஜகுமாரைப் பிடிச்சாக. ராசு ஐரோலியில கால் சென்டர்ல நைட் ஷிஃப்ட் பாக்கான். அமெரிக்காவுல எவன் வீட்டு வாஷிங் மிஷின் நின்னாலும் இங்க இவன் திட்டு வாங்கணும். வேலையை வெறுத்துப்போய்க் கெடந்தான். ஆனா கையில கன்ட்ரோலர் வந்துட்டா பய வேற ஆளு. முகத்துல ஒரு அசைவு இருக்காது, டிவியில மட்டும் ஆளு பொத்து பொத்துன்னு விழுவான்.

அவன் நல்லா அடிச்சுக்கிட்டு இருக்கப்பதான் இவுகளுக்குக் கை அரிக்கும். பட்டனை அமுக்கி உள்ள குதிச்சு, வாங்க வேண்டியதை வாங்கி, ரெண்டு பேரு உயிரையும் விட்டுட்டு, "நான் இறங்கலேன்னா இன்னும் சீக்கிரம் போயிருக்கும்ல"ன்னு சொல்லிட்டு டீ கேப்பாக.

அக்கா புருசன்கிட்ட போய், "அத்தான், நீங்க சும்மா இருங்க"ன்னு சொல்ல முடியுமா? எங்க ஆளுகள்ல மாப்பிள்ளையை அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டா, அடுத்து வாற எந்தக் கல்யாணத்துலயும் அவரு பந்தியில உக்கார மாட்டாரு. கூப்பிட ஆள் மேல ஆள் போகணும். ராசு என்கிட்டதான் வந்து நின்னான்.

"அக்கா, அத்தான் கையை மட்டும் எப்படியாவது கட்டிப் போடேன்."

"கையைத்தானல? அதை நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன்.

முந்திரிக்கொத்து செஞ்சேன். பாசிப்பயறை வறுத்து உடைச்சு, கருப்பட்டிப் பாகுல உருட்டி, மாவுல முக்கிப் பொரிக்கது. நான் செஞ்சா கல்லு மாதிரி இருக்கும்னு இவுக அம்மா சொல்லாத நாள் கிடையாது. அன்னைக்கு அந்தக் கல்லுதான் வேண்டியிருந்துச்சு. ஒரு கையில பிடிச்சுக் கடிக்கணும், பொடி உதிரும், அதுக்கு இன்னொரு கையைக் கீழ ஏந்தணும். கன்ட்ரோலர் மடியில கெடக்கும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஸ்டூல் மேல என் போனை நிறுத்தி, டிவியைப் பாக்க வச்சு ரெக்கார்டிங் போட்டோம். வீட்டுல ஒரே ஒரு ஹெட்போன், அது மாப்பிள்ளைக்குத்தானே? காதை அடைச்சுக்கிட்டு ராசா மாதிரி உக்காந்தாக. ரெண்டு பேரும் ஒரு தடவையாவது உள்ள இறங்கணும்னு விதி. இவுக முதல்ல இறங்கி, முதல் ஆள்கிட்டயே பாதி உயிரைத் தானம் பண்ணிட்டு வெளிய வந்தாக. நான் தட்டை நீட்டினேன். ஒண்ணு முடிய முடிய அடுத்ததைக் கையில வச்சேன். மிச்சமிருந்த பாதி உயிரை வச்சு ராசு எழுபத்தாறு பேரைச் சாய்ச்சான். அம்மாடி, உலகத்துலயே முதலிடம்!

அனுப்புதப்ப பேரு எழுதுத எடம் வந்துச்சு. மொய்ப்பணமா இருந்தாலும், கோயில் கொடை பேனரா இருந்தாலும் எழுதிப் பழகுன கைதானே? யாரையும் ஒரு வார்த்தை கேக்காம, "செல்லத்துரை அண்ட் ஃபேமிலி, மும்பை"ன்னு அடிச்சு விட்டுட்டாக. பட்டியல் போடுதவனும் ஏதோ டீம் பேருன்னு நினைச்சு அப்படியே போட்டுட்டான்.

அன்னையில இருந்து கவர் வாங்க வாறவன் எல்லாம் வீடியோ பாத்துட்டுத்தான் போகணும். சத்தத்தை அமத்திட்டுத்தான் காட்டுவாக. விளக்கத்தை இவுக வாயால சொல்லணும்ல! "இப்போ நான் வெளிய நின்னு எதிரியைக் குழப்புதேன் பாருங்க"ம்பாக. கவர் வாங்க வந்தவன்தான் குழம்பிப் போவான்.

இதோட நின்னிருந்தா நானும் சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ராசுக்கு ஒரு கேம் கம்பெனியில இன்டர்வியூ வந்துச்சு. புது கேமை விளையாடிப் பாத்து குத்தம் குறை சொல்லுத வேலை, அதுவும் பகல் ஷிஃப்ட். உலக ரெக்கார்டு வச்சிருக்கேன்னு பய சொல்லியிருக்கான். அவங்க பட்டியலைத் திறந்து பாத்துட்டு, "இதுல நீ யாருப்பா?"ன்னு கேட்டிருக்காங்க.

"ஃபேமிலி"ன்னானாம்.

அந்த ரூமே சிரிச்சிருக்கு. திங்கக்கிழமைக்குள்ள பட்டியல்ல உன் பேரு வந்தா வா, இல்லேன்னா வேண்டாம்னுட்டாங்க. பேரை மாத்தணும்னா அனுப்புன ஆளுதான் மாத்த முடியும். அந்த ஆளு யாரு? எங்க உலக சாம்பியன்.

"அத்தான், என் பேரையும் போடுங்க அத்தான். இந்த வேலை கிடைக்கலேன்னா நான் செத்தேன்"னு கெஞ்சினான்.

"ஏல, நீயும் ஃபேமிலிதானல? உன்னை நான் பிரிச்சா பாக்கேன்?"ன்னாக இவுக. சொல்லிட்டு கண்ணு வேற கலங்குனாக. பாசத்தை வச்சே ஒருத்தன் கழுத்தை அறுக்க முடியும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். ராசு செருப்பை மாட்டிக்கிட்டு ஷிஃப்ட்டுக்குப் போயிட்டான்.

அந்த ஞாயித்துக்கிழமை எங்க ஊர்க்காரங்க சங்கத்து ஆண்டு விழா. இவுக உலக சாதனைக்குப் பொன்னாடை போத்துதாங்க. வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ். அதுல இவுக கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கிட்டு, ஆள் உயரத்துக்கு நிக்காக. என் தம்பி எங்கன்னு தேடினேன். அடியில "வாழ்த்தும் உள்ளங்கள்"னு போட்ட வரிசையில, எட்டணா அளவு வட்டத்துல, எலெக்ட்ரீஷியனுக்கும் பால்காரருக்கும் நடுவுல இருந்தான். நான் அந்த வட்டத்துலயும் இல்ல.

மேடையில பெரிய திரையில வீடியோ ஓடப்போகுது, இவுக மைக்ல விளக்கம் சொல்லப் போறாக. நான் நேரா சவுண்ட் செட் தௌஃபீக் பாய்கிட்ட போனேன்.

"பாய், வீடியோ சத்தத்தை ஃபுல்லா வைங்க."

"அண்ணன் சத்தமே வேண்டாம்னாரே மதினி?"

"அது என் போன்ல எடுத்தது. நான் சொல்லுதேன், வைங்க."

அதுல என்ன பதிவாகியிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். இவுக மானம் போனா என் மானமும் சேர்ந்துதான் போகும். ஆனா விடிஞ்சா திங்கக்கிழமை.

திரையில சண்டை ஓடுது. இவுக மைக்ல, "இந்த எடத்துல நான் தந்திரமா உள்ள போகாம நிக்கேன்"ன்னாக. ஸ்பீக்கர்ல ராசு குரல் ஹால் பூரா கேட்டுச்சு. "அக்கா, அத்தான் கையில இன்னொண்ணு வை. அது காலியாச்சுன்னா நாம காலி!" அடுத்து என் குரல், "சாப்பிடுங்க, நல்லா மென்னு சாப்பிடுங்க." அப்புறம் கடக் மொடக்குன்னு இவுக கடிக்கித சத்தம். ரெண்டு பெரிய ஸ்பீக்கர்ல முந்திரிக்கொத்து கடிச்சா எப்படி இருக்கும்! இவுக மைக்கைப் பிடிச்சமேனிக்கு நின்னுட்டாக. சனம் நாற்காலியைத் தட்டிச் சிரிக்குது. கடைசியில எழுபத்தாறாவது ஆளும் விழுந்து, எங்க உயிரும் தீந்து, திரையில எழுத்தெல்லாம் மின்னுதப்ப, வீடியோவுக்குள்ள இவுக வாயில அடைச்சுக்கிட்டு கேட்டாக:

"ஏல, முடிஞ்சிட்டா? ஜெயிச்சது யாரு?"

சங்கத் தலைவர் திருவேங்கடம் பொன்னாடையைப் பிடிச்சுக்கிட்டு மேடையையும் கூட்டத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. பேப்பர்ல எழுதியிருந்த பேரு செல்லத்துரைதானே? செல்லத்துரைக்கே போத்திட்டாரு.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம்னுட்டாக. நான் தட்டை நீட்டினா கையைப் பின்னால கட்டிக்கிடுதாக. பாயை விரிக்கப்பதான் கேட்டாக.

"நீதான் சத்தம் வைக்கச் சொன்னியா?"

"ஆமா."

"அன்னைக்கு நீ ஆசையாக் குடுக்கேன்னுல்ல நினைச்சேன் மகேஸ்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பாவம், அதுவரைக்கும் நான் அப்படி ஊட்டாத குறையா எதையும் குடுத்ததில்லதான். "ஆசையாத்தான் குடுத்தேன். அதுல என் தம்பி மேல உள்ள ஆசையும் இருந்துச்சு. உங்க பேரு கடை போர்டுல இருக்கு, வாசல் ஃப்ளெக்ஸ்ல இருக்கு. அவனுக்கு எங்கயாவது ஒரு எடத்துல வேணும்ல?"ன்னேன். சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாக.

திங்கக்கிழமை காலையில கடையைத் திறந்ததும் முதல் வேலையா இவுகளே உக்காந்து அந்தப் பட்டியல்காரனுக்கு எழுதியிருக்காக. மத்தியானம் ராசு போன் பண்ணினான். "அக்கா! பேரு வந்துட்டு! அவங்க பாத்துட்டாங்க, அடுத்த மாசம் சேரச் சொல்லிட்டாங்க!" பய அழுதுக்கிட்டே சிரிச்சான். எனக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டு. மவராசன், கடைசியில நல்ல புத்தி வந்துச்சேன்னு இவுக மேல ஒரு பாசம்கூட வந்துச்சு. பட்டியலைத் திறந்து பாத்தேன்.

"ராஜகுமார் அண்ட் ஃபேமிலி, மும்பை."

அட, இவுகளும் ஃபேமிலிக்குள்ள இறங்கி வந்துட்டாகளேன்னு ஒரு நிமிசம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் ஒண்ணு தோணுச்சு. முழு ஆட்டமும் இவுக கையைப் பிடிச்சு வச்சிருந்தது யாரு?

"ஏல ராசு, இதுல என் பேரு எங்கல?"ன்னு கேட்டேன்.

பய ஒரு நொடிகூட யோசிக்கல. "என்னக்கா நீ, நீயும் ஃபேமிலிதானே?"

போனை வச்சிட்டேன். டப்பாவுல நாலு முந்திரிக்கொத்து மிச்சம் இருந்துச்சு. யாருக்கும் எடுத்து வைக்கல. கதவைச் சாத்திட்டு நானே உக்காந்து, ரெண்டு கையாலயும் பிடிச்சு, நாலையும் தின்னேன்.