சரிவில் சாய்ந்த கை

இதை எழுத முப்பது வருஷமாகத் தயங்கினேன். என் பொய்யும் இதில் இருக்கிறது.

1991-ல் பென்னலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், இரும்பு அச்சுகளின் கூர்விளிம்பை அரத்தால் மழுக்குவது என் வேலை. சேம்பர் என்போம். அதையும் மெஷினே செய்யட்டுமென்று முதலாளி, மெஷின் வெட்ட வேண்டிய வழியைக் கம்ப்யூட்டரில் எழுதும் ஒருவரை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். தடித்த கண்ணாடிக்காரர். வெட்டிய விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

நேர் விளிம்பு அழகாக வந்தது. சரிவான விளிம்பில் மட்டும் மழுக்கல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் போனது.

"அண்ணே, உங்களுக்கு மட்டும் எப்படி ஒரே சீரா வருது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

சரிவுக்குத் தக்கபடி அரத்தையும் சாய்க்க வேண்டும். சொன்னால் என் பிழைப்பு போய்விடும்.

"எல்லாம் பெருமாள் செயல் சார்."

"அப்போ புரோகிராம்ல பெருமாளத்தான் போடணும்" என்று சிரித்தார்.

மூன்று நாள் என் கையையே பார்த்தார். கிளம்பும்போது முதலாளியிடம், "சரிவு மெஷினுக்கு வரல சார். அதுக்கு இவர வெச்சிக்கோங்க" என்றார். எனக்குக் கை கொடுக்கையில், நான் அரத்தைச் சாய்ப்பது போலவே மணிக்கட்டை மெல்லச் சாய்த்துக் காட்டினார்.

தெரிந்தும் அவர் ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை? பெருமாளுக்கே வெளிச்சம்.

இதை யாரிடமாவது சொல்லுங்கள். என் பொய்யை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.